நியாயமான பங்கைக் கேட்பதும் பொருளாசையா?

இளையவன் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து 14 மாதங்கள் ஆகின்றன. நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா விட்டுப்போனது ஒரு வீடும் அதை ஒட்டிய கொஞ்சம் நிலமும். இரண்டும் இரண்டு பேருக்கும் சரிபாதி என்று அப்பா என்னிடம் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறார். எழுதி வைக்கவில்லை. இப்போது அண்ணன், வீடு முழுவதும் தனக்கு, நிலத்தில் மட்டும் பாதி எனக்கு என்கிறார். ஒருமுறை போனில் கேட்டேன், பேச்சு தடித்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. வழக்கறிஞரைப் பார்த்தேன். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, வழக்குப் போடலாம் என்றார். தாள்கள் தயாராகிவிட்டன. நான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன மாதம் லூக்கா 12. ஒரு பையன் 13ஆம் வசனத்தை வாசித்தான். கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவிடம், ஆஸ்தியைப் பாகம் பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிற இடம். இத்தனை வருடம் அந்த மனுஷனை நான் கவனித்ததே இல்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிற ஐசுவரியவான் கதைக்குப் போகிற வழியில் அவனைத் தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்குத் தாண்ட முடியவில்லை. என் பையில் வேதாகமமும் வழக்குத் தாள்களும் ஒன்றாக இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய் நின்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முழங்கால் போட்டால் மனம் அந்த வீட்டைச் சுற்றி வருகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, மனதுக்குள் அண்ணனோடு வாதாடுகிறேன், அங்கே எப்போதும் நான்தான் ஜெயிக்கிறேன். அப்பாவுக்காக நான் இன்னும் சரியாக அழவே இல்லை.

இப்போது என் கேள்வி. ‘பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்’ என்று கர்த்தர் சொன்னது நியாயமான பங்கைக் கேட்கிறவனுக்கும் சேர்த்துத்தானா? விட்டுவிட்டால் அது விசுவாசமா, இல்லை சண்டைக்குப் பயந்து ஒதுங்குவதா? எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘பரலோகத்தில் பொக்கிஷம்’ என்று நானே பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். என் விஷயம் என்று வந்ததும் அது என்னவென்றே பிடிபடவில்லை.

பழைய கணக்காளர் எழுதியது:

தம்பி, உங்கள் நிலையில் நான் இருந்து 23 வருடங்கள் ஆகின்றன. என் கதையில் நான் மூத்தவன், பங்கை எடுத்துக்கொண்டது என் தம்பி. நான் விட்டுக்கொடுத்தேன். ஒரே சாயங்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் சபையில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகவும் சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

அதன் பிறகு 11 வருடம் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த 11 வருடமும் அந்த இடத்தின் மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யாரிடமாவது விசாரித்துக்கொண்டே இருந்தேன். வருடக் கடைசியில் கணக்கு முடிக்கிற மாதிரி, நான் எவ்வளவு இழந்தேன் என்று மனதில் ஒரு தொகையை எழுதிக்கொள்வேன். ‘உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்’ என்ற வசனத்தை அப்போதெல்லாம் வாசிக்காமல் இல்லை. என் கையில் அந்த இடமே இல்லை, பிறகு பொக்கிஷம் எப்படி அங்கே இருக்கும் என்று நினைத்தேன். தம்பி எனக்குக் கடன்பட்டவன் என்கிற அந்த எண்ணம்தான் என் பொக்கிஷம் என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. அதைப் பூச்சி அரிக்காமல், துருப்பிடிக்காமல், எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்!

மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பொக்கிஷத்தைப் பற்றிச் சொல்வது 19ஆம் வசனம். அதற்கு ஏழு வசனம் முன்னால், ஜெபத்தில், ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று இருக்கிறது. கடனாளி என்பது என் தொழிலின் வார்த்தை. வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டால் அப்புறம் அந்தப் பேரேட்டை எடுத்துப் புரட்டக்கூடாது. எத்தனையோ பேருடைய கடனை அலுவலகத்தில் எழுதித் தள்ளியிருக்கிறேன். என் தம்பியுடைய கடனை மட்டும் வட்டியோடு வைத்திருந்தேன்.

12ஆம் வருடம் அவன் மருத்துவமனையில் படுத்தான். போனேன். அவன் கேட்ட முதல் கேள்வி, ‘ஏன்ணே இத்தனை வருஷமா வரல?’ என்பதுதான். இடத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டதால், எனக்கு அது தேவையில்லை என்றே அவன் நினைத்திருக்கிறான். சபை முழுவதற்கும் தெரிந்த என் தியாகம், அதைப் பெற்றுக்கொண்டவனுக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அதனால் வழக்கா, விட்டுக்கொடுப்பதா என்பதை இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். மத்தேயு 18:15இல் சொன்னபடி நேரில் போங்கள், நீங்களும் அவருமாகத் தனியாக. போன் வேண்டாம். விடுவதானாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விடுங்கள்.

மூத்தமகள் எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்துக் கண் கலங்கியது. ஆனாலும் மறுபக்கத்தை யாராவது சொல்லவேண்டும்.

எங்கள் அப்பா இறந்தபோது என் தம்பிகள் இருவரும் உறவில் பெரியவர் ஒருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் ஜெபம் செய்தார், வசனம் வாசித்தார், ‘உனக்குப் பரலோகத்தில் சுதந்தரம் இருக்கிறதம்மா’ என்றார். சுதந்தரம் என்றால் பழைய வேதாகமத் தமிழில் பரம்பரைப் பங்கு. ஜெபம் முடிந்ததும் என் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அந்த வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது உயிர். ஆனால் அன்றைக்கு அதை வாசித்தவர்கள் யாரும் தங்கள் பங்கைப் பரலோகத்துக்கு அனுப்பவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

வேதத்தில் பங்கு கேட்டவர்களை எல்லாம் தேவன் கடிந்துகொள்ளவில்லை. எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததால் அவர் பேர் ஏன் அற்றுப்போகவேண்டும், எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார், அது சட்டமாகவும் ஆனது. நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ராஜாவாகிய ஆகாபுக்கே கொடுக்கமாட்டேன் என்றான். ஆகாப் இன்னும் நல்ல தோட்டமோ, அதற்கான விலையோ தருவதாகச் சொல்லியும் அவன் அசையவில்லை, பிதாக்களின் சுதந்தரம் என்றான். அதற்காக உயிரையும் இழந்தான். தீர்க்கதரிசி எலியா வந்து நியாயம் கேட்டது ஆகாபிடம்தான், நாபோத்தைப் பொருளாசைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 6இல் ‘நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை’ என்று பவுல் கேட்கிறதை எல்லோரும் என்னிடம் காட்டினார்கள். அடுத்த வசனத்தில் சகோதரரையே நஷ்டப்படுத்துகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறாரே, அதை என் தம்பிகளிடம் ஒருவரும் காட்டவில்லை.

ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவியருக்கு நிலத்தில் பங்கில்லை, கர்த்தரே பங்கு என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் குடியிருக்க 48 பட்டணங்களும், அவற்றைச் சுற்றி வெளிநிலங்களும், ஜனங்களின் தசமபாகமும் கொடுக்கப்பட்டன. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அந்தோனியார் ‘உனக்கு உண்டானவைகளை விற்று’ என்ற வசனத்தை ஆலயத்தில் கேட்டுத் தன் நிலங்களை விட்டபோதுகூட, பெற்றோர் இல்லாத தங்கைக்கென்று முதலில் கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகு அதையும் கொடுத்தபோது, தேவபக்தியுள்ள கன்னியரிடம் அவளை ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

நீங்கள் விட்டுக்கொடுத்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்று பாருங்கள் பிரதர். உங்கள் தலையில் மட்டும் என்றால் அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ள காரியம். வேறொருவர் தலையிலும் விழும் என்றால் அதைத் தியாகம் என்று சொல்லாதீர்கள். கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களிடம் இயேசு எவ்வளவு கோபப்பட்டார்! நான் கேட்டது இரண்டு மூப்பர்கள் முன்னிலையில், சத்தமில்லாமல். நாலு மாதம் ஆனது, கிடைத்தது. அந்த வீட்டில்தான் இப்போது அம்மா என்னோடு இருக்கிறார்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் இல்லை. உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்? உங்கள் அண்ணன் இங்கே வந்து எழுதினால் என்ன எழுதுவார்?

ஞாயிறுபள்ளி ஆசிரியர் எழுதியது:

இருவரும் ஆழமாக எழுதிவிட்டார்கள். நான் சின்னதாக ஒன்று சேர்க்கிறேன்.

மத்தேயு 6இல் பொக்கிஷத்தைப் பற்றிய வசனங்களுக்கும், ‘இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது’ என்பதற்கும் நடுவில் கண்ணைப் பற்றி இரண்டு வசனங்கள் வருகின்றன. கண் சரீரத்தின் விளக்கு, கண் தெளிவாயிருந்தால், கெட்டதாயிருந்தால் என்று. பணத்தைப் பற்றிப் பேசும்போது நடுவில் கண் எதற்கு என்று பல வருடம் எனக்குக் குழப்பம். யூதர் பேச்சில் நல்ல கண் என்றால் தாராளம், கெட்ட கண் என்றால் கஞ்சத்தனமும் பொறாமையும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நம் பழைய தமிழ் வேதாகமத்திலேயே அது இருக்கிறது. நீதிமொழிகள் 22:9இல் ‘கருணைக்கண்ணன் ஆசீர்வதிக்கப்படுவான்’. 28:22இல் செல்வனாகப் பதறுகிறவன் ‘வன்கண்ணன்’. திராட்சத்தோட்டத்து வேலைக்காரர் உவமையில் எஜமான் கேட்கிறதும், நான் தயாளனாயிருக்க நீ வன்கண்ணனாயிருக்கலாமா என்றுதான்.

உங்கள் கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பங்கு கிடைப்பதும் கிடைக்காததும் ஒருபுறம் இருக்கட்டும். இந்த 14 மாதத்தில் அண்ணனை நீங்கள் எந்தக் கண்ணால் பார்த்துவந்தீர்கள்? இரவு இரண்டு மணிக்கு வாதாடும்போது அவர் முகம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

லூக்கா 12இல் இன்னொன்று. அந்த மனுஷன் கேட்டது தவறு என்று இயேசு சொல்லவில்லை. பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று விலகிக்கொண்டார், பிறகு களஞ்சியக்காரன் கதையைச் சொன்னார். அன்றிரவே சாகப்போகிற அவனிடம் தேவன் ‘நீ சேகரித்தவைகள் யாருடையதாகும்’ என்று கேட்பதோடு கதை முடிகிறது. யாருடையதாகும்? அவன் பிள்ளைகளுடையதாகும். அவர்களும் அண்ணன் தம்பியாக எங்கேயாவது ஒரு போதகரைத் தேடிப்போய்ப் பாகம் பிரித்துத் தரச் சொல்வார்கள். கேள்வி கேட்டவனின் தகப்பனுடைய கதையைத்தான் இயேசு சொன்னாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இது என் யோசனை, வசனத்தில் அப்படி இல்லை.

இளையவன் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் எழுத முயற்சி செய்தேன். மூத்தமகள் அக்கா கேட்ட இரண்டு கேள்விகள் என்னை உட்காரவிடவில்லை.

அம்மா அண்ணனோடு இருக்கிறார். முதலில் நான் அதை எழுதவில்லை. வேண்டுமென்று மறைத்தேனா, தோன்றவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவதைத்தான் நம்ப விரும்புகிறேன்.

அண்ணன் இங்கே எழுதினால் என்ன எழுதுவார் என்று யோசித்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பா படுக்கையில் கிடந்தது ஆறு வருடம். நான் வேலைக்காகத் தூரத்தில் இருந்தேன். பணம் அனுப்பினேன், வருடத்தில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன், போனில் ஜெபித்தேன். அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது அண்ணன். படுக்கைப் புண் வராமல் ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது அண்ணன். அதற்காக அவருக்கு வந்த ஒரு பதவி உயர்வை வேண்டாம் என்று சொன்னதை அண்ணி ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போதே தெரியும். தாளில் பாதிதான் எழுத முடிந்தது. அப்பாவுக்காக வராத அழுகை அப்போது வந்தது.

இதனால் பாதி வீடு என்னுடையது இல்லை என்று ஆகிவிடாது, அதுவும் தெரிகிறது. அப்பா சொன்னது சொன்னதுதான். ஆனால் ‘நியாயம் என் பக்கம்’ என்று 14 மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாய் இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கெட்ட குமாரன் கதையில், தன் பங்கை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைக்கும்போது, மூத்தவன் வயலிலிருந்து வந்து வாசலில் நின்று கோபப்படுவானே, ‘இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து’ என்று. பாடம் நடத்தும்போது அவனை எப்போதும் கல்நெஞ்சக்காரனாகத்தான் காட்டியிருக்கிறேன். வாசலில் நிற்கிற அவன் முகத்தில் இப்போது என் அண்ணன் தெரிகிறார்.

கணக்காளர் ஐயா, நேரில் போகச் சொன்னீர்கள். போய் எதில் ஆரம்பிப்பது?

பழைய கணக்காளர் எழுதியது:

அந்தத் தாளில் எழுதியதில் ஆரம்பியுங்கள் தம்பி. அதை உங்களிடமிருந்து ஒருமுறைகூட அவர் கேட்டிருக்கமாட்டார். பங்கைப் பற்றி அன்றைக்கே பேசித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் மனதில் இருப்பதை மறைத்துவிட்டு வராதீர்கள், நான் செய்த தவறு அது.

மூத்தமகள் எழுதியது:

அம்மாவிடமும் தனியாகப் பேசுங்கள் பிரதர். அவருக்கு என்ன வேண்டும் என்று இந்த விஷயத்தில் யாராவது கேட்டார்களா? வீடு யார் பேரில் போனாலும், அம்மா உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் பெருந்தன்மை காட்டி வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். அப்பாவின் வாய்வார்த்தை என்ன ஆயிற்று என்று பார்த்தீர்கள் அல்லவா?

இளையவன் எழுதியது:

போய்விட்டு வந்தேன். சனிக்கிழமை காலை போனேன், ஞாயிறு ஆராதனையை அவர்களோடு முடித்துவிட்டுத் திரும்பினேன்.

அண்ணன் கதவைத் திறந்ததும் ‘வக்கீல் அனுப்பினாரா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பாவின் கட்டில் இருந்த அறைக்குப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டிருக்கிறார்கள், சுவரில் அப்பா கைவைத்து எழுந்திருக்கிற இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தடம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, தாளில் எழுதியதைச் சொன்னேன். வரிசையாகச் சொல்ல முடியவில்லை. அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, ‘கடைசி ராத்திரி அப்பா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அது எனக்குக் கோபமாக இருந்தது’ என்றார். ஆறு வருடம் பக்கத்தில் இருந்தவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டாராம். இது எனக்குத் தெரியாது.

பங்கைப் பற்றியும் பேசினேன் ஐயா. அப்பா என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தன்னிடமும் அப்படித்தான் சொன்னார் என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். வீட்டை விட்டுக்கொடுக்க அவருக்கு இன்னும் மனமில்லை. எனக்கும் முழுவதாக விடுகிற மனம் இன்னும் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் இரண்டு பேரும் போதகர் முன்னால் உட்கார்வது என்று பேசியிருக்கிறோம். அதுவரை வழக்கறிஞரிடம் எதுவும் செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா விஷயத்தை எழுத்தில் போட அண்ணன் உடனே சம்மதித்தார், அம்மாவே வாசகத்தைச் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதினாள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவள்தான் வேதம் வாசித்தாள். 16ஆம் சங்கீதம். ‘கர்த்தர் என் சுதந்தரமும்’ என்று இருக்கிறதை அவள் ‘கர்த்தர் என் சுதந்திரமும்’ என்று வாசித்தாள். சின்னப் பிள்ளைக்கு அந்தப் பழைய வார்த்தை தெரியாது. அண்ணன் திருத்த வாயெடுத்தார், அம்மா அவர் கையைப் பிடித்து விட்டுவிடச் சொன்னார். அவள் அப்படியே வாசித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அந்த அறையில்தான் பாய் விரித்துப் படுத்தேன். இரண்டு மணிக்கு விழிப்பு வரவில்லை.